சடையப்பன் சுவர் நிறுத்திய கதை

ஒரே ஒரு மலையிலே ஒரே ஒரு மடம் இருந்ததாம். அந்த மடத்துக்குச் சுவர் மட்டும் இல்லையாம்.

பழைய மண்சுவர் போன மழையில் சரிந்துவிட்டது. மலைமேல் செங்கல் ஏற்றி மாளாது. அதனால் கான்கிரீட்டில் அஸ்திவாரம் போட்டு, அதன்மேல் மரச்சுவர் நிறுத்துவது என்று முடிவு. அஸ்திவாரம் தவசி பொறுப்பு. மரவேலை சடையப்பன் பொறுப்பு.

அன்றைக்குச் சடையப்பன் உளியை வீசிவிட்டு, குரு பூரணியம்மாள் முன்னால் போய் நின்றான். அவளைவிடப் பத்து வயது மூத்தவன்.

“தாயே, இந்த மடத்துல ஒண்ணு தவசி இருக்கணும், இல்லை நான் இருக்கணும்.”

“என்ன செஞ்சான்?”

“கான்கிரீட் ஈரமா இருக்கும்போதே போல்ட்டை நட்டு வைக்கணும். நட்டிருக்கான், குடிகாரன் நடந்த தடம் மாதிரி! வரைபடத்துல ஒரு இடம், இங்கே ஒரு இடம். வரைபடத்தைப் பார்த்து நான் துளை போட்டு வச்ச பலகை ஒண்ணுகூட உட்காரமாட்டேங்குது.”

“போல்ட்டைப் பிடுங்கி நடு.”

“இறுகிப்போன கான்கிரீட்ல இருந்து எப்படிப் பிடுங்குறது?”

“தவசியை?”

“அவனைத் தாராளமாப் பிடுங்கலாம்.”

தவசி துணிமூட்டையோடு பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் போக வேறு இடம் இல்லை. மடத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

“அண்ணன் சொல்றது நிசம் தாயே. நான் நிதானமா நட்டுக்கிட்டு இருந்தேன். கான்கிரீட் அதுக்குள்ள இறுகிடுச்சு. நான் கிளம்பறேன்.”

“நிதானமாம் நிதானம்! வாயைத் திறந்தே, பல்லைப் பேத்துடுவேன்.”

பூரணியம்மாள் எழுந்து அஸ்திவாரத்துக்குப் போனாள். துளை போடாத புதுப்பலகை ஒன்றைக் காட்டினாள்.

“தவசி, மூட்டையை வை. அந்த முனையைப் பிடி.”

போல்ட்டுகளின் தலைமேல் பலகையைப் படுக்க வைத்தார்கள். அஸ்திவாரத்தின் விளிம்போடு அவளே அதைச் சரிபார்த்தாள். பிறகு சுத்தியலைச் சடையப்பனிடம் நீட்டினாள்.

“அடி.”

“எதை?”

“பலகையை. கீழே எங்கெங்கே போல்ட் இருக்கோ, அங்கெல்லாம். உனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு.”

அடித்தான்.

“இது வீணாப்போன பலகைக்கு!”

“இது சுவரில்லாம மழையில நனைஞ்ச என் பாய்க்கு!”

“இது உன் நிதானத்துக்கு!”

“இது உன் மூஞ்சிக்குடா!”

தவசியின் கை தோள்வரை அதிர்ந்தது. முனையை அவன் விடவில்லை.

“புரட்டு,” என்றாள்.

பலகையின் அடியில், போல்ட்டுக்கு ஒன்றாக, வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. வரிசை கோணல்தான்.

சடையப்பன் ஒரு பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தான். பள்ளம் பார்த்துத் துளை போட்டான். பலகையைத் திருப்பி வைத்தார்கள். போல்ட்டுகள் துளைக்குள் ஏறின. பலகை கான்கிரீட்டில் போய் உட்கார்ந்தது.

“கோபம் போயிடுச்சா?”

“இல்லை தாயே. அவனைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது.”

“நல்லது. இன்னும் மூணு பக்கம் இருக்கு.”

சடையப்பன் தவசியின் பக்கம் திரும்பினான்.

“என்னடா முழிக்கிறே? அடுத்ததைப் பிடிடா!”

பூரணியம்மாள் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினாள்.