மூணு வருஷ வாரண்டியும் ஒரு சாண் தூரமும்

ஊமத்தம்பட்டி கபடிக் குழுவில் ஏழு பேர். ஏழு பேருக்கும் உடம்பு நல்ல திடம். படைத்தவன் அதோடு கை ஓய்ந்துவிட்டான்.

அணித் தலைவன் கொம்பையாவுக்கு ஒரு கவலை. போன வருஷ இறுதி ஆட்டத்தில் தாழைக்குறிச்சியிடம் ஒரே புள்ளியில் தோற்றிருந்தார்கள். தாழைக்குறிச்சி அவனுடைய மாமனார் ஊர். அந்த அணித் தலைவன் இசக்கிராஜ் அவன் மனைவியின் தம்பி. தீபாவளி விருந்தில் இசக்கிராஜ் தன் கையாலேயே ஒரு ஆட்டுக்காலை எடுத்து அவன் இலையில் வைத்து, "சாப்பிடுங்க அத்தான், காலுக்குப் பலம் வரட்டும்" என்றான். மாமியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மனைவி பேச்சித்தாய் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே அணியோடு இறுதி ஆட்டம். தோற்றால் மறுபடியும் தீபாவளி, மறுபடியும் அதே இலை.

போன வருஷ ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தை, அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்த வெயிலுமுத்து செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தான். ஏழு பேரும் தினமும் அதைப் பார்த்தார்கள். எதிராளிகளைத் தொட்டுவிட்டுத் திரும்பும் கொம்பையா, நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் சரளையில் வழுக்கி விழுவான். தினமும் விழுந்தான்.

"குறை போன்ல இருக்கு" என்றான் வெயிலுமுத்து. அணியின் மூளை அவன்தான். அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை. "இந்த ஓட்டை போன்ல எவன் ஜெயிப்பான்? நல்ல மிஷின்ல போட்டா வேற மாதிரி வரும்லா."

ஆடுகளத்தில் விரிக்க ரப்பர் பாய் வாங்கச் சொல்லி, துபாயில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பணம் அனுப்பியிருந்தார்.

"பாய் விரிச்சா இனிமே வழுக்காது, அவ்வளவுதான். போன வருஷம் வழுக்கினதுக்குப் பாய் என்ன செய்யும்?" என்று ஏழு பேரில் ஒருவனான சப்பாணி கேட்டான். பணத்தை எடுத்துக்கொண்டு ஏழு பேரும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார்கள்.

கடையில் டை கட்டிய கௌதம், உயர்ந்த ரகம் என்று இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தான். ஒன்று வெள்ளி நிறம், மெல்லிசு. இன்னொன்று கறுப்பு, விலை கூடுதல்.

"ரெண்டுலயும் எங்க ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்க" என்றான் கொம்பையா.

வெள்ளியில் போட்டார்கள். விழுந்தான். கறுப்பில் போட்டார்கள். அதிலும் விழுந்தான், ஆனால் சரளைக் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறித்தது. போனில் மஞ்சள் புள்ளியாக இருந்தது இதில் ஒரு சேலையாக வந்தது. சேலைக்குள் பேச்சித்தாய் இருந்தாள். தம்பிக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தாள். கொம்பையா கண்ணாடிக் கதவு வழியே தெருவைப் பார்த்தான்.

"விலை கூடினதுலதான் தோல்வி நல்லாத் தெரியுது" என்றான் சப்பாணி.

"அதான் சார் பிரீமியம்" என்றான் கௌதம். "நாலடி உயரத்துலேர்ந்து போட்டாலும் உடையாது. கம்பெனி வாரண்டி ஒரு வருஷம். கொஞ்சம் சேர்த்துக் கட்டினா மூணு வருஷம். எந்தக் கோளாறு வந்தாலும் கொண்டு வாங்க, சரிபண்ணித் தருவோம்."

ஏழு பேரும் கடையின் ஓரத்தில் வட்டமாக நின்று ஆலோசித்தார்கள்.

"ஒரு வருஷம்னா ஒரு பைனல்தான் அடங்கும். மூணுன்னா மூணு பைனல்" என்றான் வெயிலுமுத்து.

"விழுந்தாலுமா சரிபண்ணுவாக?" என்று கேட்டான் கொம்பையா.

"விழுந்தாலும் கவர் ஆகும் சார்" என்றான் கௌதம் தூரத்திலிருந்தே.

கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டு கறுப்பையே கட்டச் சொன்னான்.

நாலடிக்கு மேலே போனால் உத்தரவாதம் இல்லை என்பதால், ஊர் வரைக்கும் ஏழு பேரும் பஸ்ஸின் தரையில் குந்தியபடியே வந்தார்கள். கண்டக்டர் எழுந்திருக்கச் சொன்னார். வாரண்டியை எடுத்துக் காட்டினார்கள்.

வீட்டில் வைத்துப் போட்டார்கள். கொம்பையா விழுந்தான். சனிக்கிழமை லேப்டாப் மறுபடியும் பஸ்ஸில் குந்திக்கொண்டு கடைக்கு வந்தது.

"என்ன சார் கோளாறு?"

"இன்னும் தோக்குது" என்றான் கொம்பையா.

கௌதம் எட்டிப் பார்த்தான். பின்னால் வரிசையில் வாடிக்கையாளர்கள் நின்றார்கள். கொம்பையா விழுவதற்கு ஒரு நொடி முன்னால் படத்தை நிறுத்தி, "இனி விழ மாட்டாரு சார். யாரும் பட்டனைத் தொட்டுறாதீங்க" என்றான்.

பார்த்தார்கள். இடது காலைத் தூக்கி, கையை நீட்டி, கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கொம்பையா அப்படியே நின்றான். ஒரு நிமிஷம் ஆயிற்று. விழவில்லை. பேச்சித்தாய் கை தட்டவும் இல்லை. ஏழு பேரும் கௌதமைக் கட்டிப் பிடித்தார்கள்.

ஞாயிறன்று அந்த லேப்டாப்பை, திறந்தது திறந்தபடி, ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். ஸ்டூல் இரண்டடி, அளந்துதான் வைத்தார்கள்.

கடைசி நிமிஷம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது ஊமத்தம்பட்டி. கொம்பையா பாடிப் போனான், இரண்டு பேரைத் தொட்டான், திரும்பினான். துரத்தி வந்த இசக்கிராஜும் அவன் ஆட்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். கோடு ஒரு சாண் தூரம். கையை நீட்டினால் கோப்பை.

அப்போது ஸ்டூல் கண்ணில் பட்டது. போன வருஷம் சறுக்கியது இதே இடத்தில்தானே. கொம்பையா இடது காலைத் தூக்கினான், கையை நீட்டினான், அப்படியே நின்றான்.

"கோட்டைத் தொடுல!" என்று ஊரே கத்தியது.

"ஏல, யாரும் அவனைத் தொட்டுராதீங்க!" என்று ஆறு பேரும் கத்தினார்கள்.

இசக்கிராஜ் எழுந்தான். முட்டியைத் தட்டினான். லுங்கி கட்டியிருந்தால் அதையும் அவிழ்த்துக் கட்டியிருப்பான், அவ்வளவு நேரம் இருந்தது. நிதானமாக வந்து அத்தானை இடுப்போடு தூக்கித் தன் பக்கம் கொண்டுபோய் இறக்கி வைத்தான். கொம்பையா காலைக் கீழே வைக்கவேயில்லை. மஞ்சள் சேலை கை தட்டிற்று.

திங்கட்கிழமை கடை திறக்கும்போது ஏழு பேரும் வாசலில் குந்தியிருந்தார்கள்.

"இப்ப என்ன சார்?" என்றான் கௌதம்.

"எங்க ஆளு கரெக்டா நின்னாரு. குறை சொல்லக்கூடாது" என்றான் வெயிலுமுத்து. "எதிர் டீம்தான் நிக்கல."

"சார், அவங்க உங்க பில்லுல இல்லையே?"

ஏழு பேரும் ஓரமாகப் போய் வட்டமாக நின்றார்கள். வெகுநேரம் பேசினார்கள். கொம்பையாதான் திரும்பி வந்தான்.

"அப்ப அவுகளுக்கும் சேத்து மூணு வருஷம் போட்டுருங்க. ஏழு பேரு. அதுல ஒருத்தன் என் மச்சினன், அவனுக்கு மட்டும் அஞ்சு வருஷமா போடுங்க. எவ்வளவு ஆகும்?"

கௌதம் கால்குலேட்டரை எடுத்தான்.