உறையாத பால்

ஊரையே காய்ச்சல் வாரிச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். சவரிமுத்து சாரிடம் ஆராய்ச்சி படிக்கும் பூங்கோதை, சோற்றையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு ஒரு மருந்து செய்து முடித்திருந்தாள். மருந்தென்றால் வெள்ளித் தூசி. ஒரு தலைமயிரை ஆயிரமாய்ப் பிளந்தால் வருமே ஒரு கீற்று, அதைவிடப் பொடிசு. நானோ துகள் என்பார்கள். கண்ணாடித் தட்டில் எடுத்துவைத்த வைரஸ் மேல் அதை விட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வேறொரு நாளாயிருந்தால் ஆய்வுக்கூடம் முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பாள். ஆனால் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி தவசி, பெரியாஸ்பத்திரியில் மூச்சுக்கு மல்லாடிக்கொண்டிருந்தான். கொடுக்கிறதெல்லாம் கொடுத்தாயிற்று, இனி கடவுள் விட்ட வழி என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஒரு குப்பி மருந்தை எடுத்துப் போகிறேன் என்று சாரிடம் வந்து நின்றாள். குளிர்பெட்டிச் சாவி அவரிடம்தான் இருந்தது. உயிருள்ள மனித செல்லில் சோதித்தாயா என்று கேட்டார். அதற்கெல்லாம் எங்கே நேரம் என்றாள்.

"கிருமிதான் செத்துப்போச்சே சார். இன்னும் என்ன பாக்கணும்?"

சார் டீக்கு வாங்கிய பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றினார். மதியச் சாப்பாட்டில் மிஞ்சிய மோரை இரண்டிலும் உறை ஊற்றினார். ஒன்றில் மட்டும் அவளுடைய மருந்தைக் கொஞ்சம் விட்டார்.

"அங்க ஒருத்தன் சாகக் கிடக்கான். நீங்க தயிருக்கு உறை ஊத்துறீங்க."

அவர் சாவியை டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

"காலைல இதைப் பாரு. அப்புறமும் எடுக்கணும்னு தோணுச்சுன்னா எடு. நான் தடுக்க மாட்டேன்."

அவர் வீட்டுக்குப் போய்விட்டார். இவள் சாவியைக் கையில் எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள்.

விடிந்தது. ஒரு டம்ளரில் தயிர், கரண்டி குத்தி நிற்கிற மாதிரி கெட்டியாக இருந்தது. மற்றதில் பால் பாலாகவே தளும்பியது.

சார் வந்ததும், "அது தயிர்க் கிருமி சார். நல்ல கிருமி" என்றாள்.

"நல்லது எது, கெட்டது எதுன்னு உன் தூசிக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

சாவி மேசையிலேயே கிடந்தது.

மத்தியானம் தவசி போய்விட்டான். ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூடக் காட்டாமல் உடலைக் கட்டிக் கொடுத்தார்கள்.

காரியம் முடிந்து திரும்பியவள் தன் இடத்தில் போய் உட்காரவில்லை. நேரே சார் முன்னால் வந்து நின்றாள். அவரை என்னென்னவோ கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். வாயைத் திறந்தபோது வந்தது ஒரே ஒரு கேள்வி.

"குடுத்திருந்தா பிழைச்சிருப்பானா சார்?"

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தெரியாதும்மா. குடுத்தப்புறம் அவன் போயிருந்தா, காய்ச்சல் கொன்னுச்சா, நாம கொன்னோமா, அதுவும் தெரிஞ்சிருக்காது."