விலை தீராத வெள்ளைக் குதிரை

முன்னொரு காலத்தில், கடலோரத்து வெண்கரை நாட்டை விக்கிரமகண்டன் என்றொரு அரசன் ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. சிரிக்க வைத்தவனுக்கு முத்துமாலை கொடுப்பான். கொட்டாவி வரவழைத்தவனுக்குக் கசையடி கொடுப்பான்.

அவனுடைய மந்திரி காரிநாதர். அவர் வாயைத் திறந்தால் சபையே விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் சபை கலைந்ததும் ஒருத்தரும் அவரோடு சேர்ந்து நடக்க மாட்டார்கள். நாம் ஏதாவது உளறினால் நாளைக்குச் சபையில் சொல்லிக் கிழித்துவிடுவாரே என்ற பயம். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். பெரிய வீடு. சமையல்காரன் இலை போட்டுப் பரிமாறிவிட்டு ஒதுங்கிவிடுவான். மழை பெய்தால்கூட, "மழை பெய்கிறது" என்று சொல்ல அவருக்கு ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடல் கடந்து சாபிர் என்ற குதிரை வணிகர் வந்து சேர்ந்தார். அரசனுக்காகக் கொண்டுவந்த குதிரைகளை இறக்கியதுமே தகராறு. "இரண்டு குதிரை நோஞ்சான். பேசிய பணம் தர முடியாது" என்று லாயத் தலைவன் வீரகேது முரண்டு பிடித்தான். வழக்கு இழுத்தது. கடைசியில் காரிநாதர்தான் இருவரையும் உட்காரவைத்துச் சமரசம் செய்தார். நோஞ்சான்களின் விலையைச் சாபிர் விட்டுக்கொடுக்க வேண்டும். மீதிப் பணம், இடையில் திருட்டுப் போகாதபடி, அவர் கப்பலேறும் நாளில் கொடுக்கப்பட வேண்டும். இருவரும் முத்திரை வைத்தார்கள். அரசன் அந்தப் பணத்தை வீரகேதுவிடம் ஒப்படைத்து, "இனி இதைப் பற்றி என்னிடம் முறையிடுகிறவன் முதுகுத் தோல் உரியும்!" என்று எழுந்து போய்விட்டான்.

வீரகேதுவுக்குக் காரிநாதர்மேல் நெடுநாள் பொறாமை. அவர் செய்த சமரசம் நாறினால் அவர் பெயரும் நாறும், பணமும் தன்னிடமே தங்கும் என்று கணக்குப் போட்டான். சாபிர் பணம் கேட்டால், "கப்பலேறு, தருகிறேன்" என்பான்.

"அரண்மனையோடு பாக்கி இல்லை என்று நீங்கள் சொன்னால்தான் துறைமுகத்தில் ஏற விடுவார்களாம், ஐயா!"

"பாக்கி இருக்கும்போது இல்லை என்று எப்படியப்பா சொல்வேன்? எனக்குப் பொய் வராது."

சாபிர் மந்திரியிடம் ஓடினார். அது சாப்பாட்டு நேரம். காரிநாதர் இன்னொரு இலை போடச் சொன்னார். மறுநாளும் சாபிர் வந்தார். பிறகு தினமும் வந்தார். புளிக்குழம்பின் காரத்தில் சாபிருக்குக் கண்ணீர் வழியும். துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்பார். அரைகுறைத் தமிழில் அவருக்கு மந்திரியின் நையாண்டி ஒன்றும் புரியாது. அதனால் காரிநாதர் நையாண்டியை விட்டுவிட்டு, முழங்கால் வலிப்பதையும் மனைவி பாடியதையும் சாதாரணமாகச் சொன்னார். அப்படிப் பேசி எத்தனை காலமாயிற்று!

ஆடி மாதத்தில் ஒருநாள், சோறு பிசைந்துகொண்டிருந்தபோது, வீரகேதுவை மடக்க வழி அவருக்குப் பளிச்சென்று தோன்றியது. எதிரே சாபிர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். காரிநாதர் சொல்ல வாயெடுத்தார். இவர் போய்விட்டால் நாளைக்கு எதிரே யார்? சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டார். கப்பல்கள் போயின. சாபிர் தங்கினார்.

பங்குனியில் ஒரு மாலை சாபிர் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார். "என் மகள் முகம் நினைவிருக்கிறது ஐயா. அவள் குரல் மறந்துபோச்சு. நேற்று முழுக்க யோசித்தேன். வரவில்லை."

காரிநாதருக்கு அதற்குமேல் கை இலைக்குப் போகவில்லை.

மறுநாள் வசந்த விழா ஊர்வலம். சாபிர் கொண்டுவந்த வெள்ளைக் குதிரைமேல் அரசன் கம்பீரமாக ஏறி உட்கார்ந்தான். காரிநாதர் கடிவாளத்தைப் பிடித்தார்.

"அரசே, இறங்கிவிடுங்கள்."

"என்ன துணிச்சல்! ஏன்?"

"குதிரை நம்முடையது இல்லை. பிறர் சொத்தில் ஏறி ஊர்கோலம் போனால் ஜனங்கள் என்ன பேசுவார்கள்?"

"பழைய வழக்கா? முறையிட்டால் தோல் உரியும் என்றேனே!"

"முறையீடே இல்லை அரசே. வீரகேதுவிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்கிறேன். வீரகேது, சமரசம் நிறைவேறிவிட்டதா?"

வீரகேது உஷாரானான். "இல்லை. வணிகர் கப்பலேறும் நாளில்தான் நிறைவேறும்."

"கேட்டீர்களா அரசே? சமரசம் நிறைவேறும்வரை பணம் நம்முடையது என்றால், அதுவரை குதிரை அவருடையது. இத்தனை நாள் நீங்கள் சவாரி செய்தது அவர் குதிரையில். வாடகைகூடக் கொடுக்கவில்லை."

வீரகேது பதறினான். "இல்லை, இல்லை! நிறைவேறிவிட்டது, குதிரைகள் மகாராஜாவுடையவை!"

"அப்படியானால் அவர் பணம் எங்கே?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரசன் மெள்ள இறங்கினான். சுடுமணலில், கிரீடத்தோடு, கடைவீதி முழுக்க நடந்தான். அரண்மனை சேர்ந்ததும் முதல் ஆணை: அன்றைக்கே பணம், அன்றைக்கே கப்பல். இரண்டாவது ஆணை: வீரகேது இனி லாயத்தில் சாணி அள்ள வேண்டும்.

துறைமுகத்தில் சாபிர் மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்போது ஐயா இந்த யோசனை வந்தது?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் காரிநாதர் தடுமாறினார். "ஆடியிலேயே" என்றார்.

சாபிர் கையை விட்டுவிட்டார். கோபமும் வந்தது, போனது. "தெரிந்திருந்தால் உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்க மாட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "சாப்பிடாமல் போயிருந்தால் அதுவும் நஷ்டம்தான்" என்று கட்டித்தழுவிவிட்டுப் படகில் ஏறினார். கப்பல் மறைந்த பிறகும் காரிநாதர் கரையிலேயே நின்றார்.

மறுநாள் சபையில் அரசன் உற்சாகமாக இருந்தான். "காரிநாதரே, என்னை நடக்கவைத்தது நீர் ஒருத்தர்தான்! என்ன வேண்டுமோ கேளும்."

"இன்று மாலை யாராவது ஒருத்தர் என் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும், அரசே."

சபை ஒரு கணம் விழித்தது. பிறகு கூரை அதிரச் சிரித்தது. அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். காரிநாதரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.