பக்கிரிசாமி விழுந்த தெரு

கருவேலங்குடி மாட்டுவண்டித் தொழிலாளர் சங்கத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை ஆண்டு வரிசையில் எழுதுகிறேன். வரிசை மாறினால் எதிரிக்கு லாபம்.

முதலாவது, ஆற்றுப்பாலத்தில் மாட்டுவண்டி போகக் கூடாது என்று பலகை வைத்தார்கள். அந்தப் பலகையை எங்கள் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போய் நட்டார்கள். இரண்டாவது, அதை எதிர்த்து நாங்கள் கொடுத்த மனுவை, தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் பக்கத்தை மட்டும் மறுபடி எழுதிக் கொடுத்தோம். பாதி மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. மூன்றாவது, யுத்தகாலப் படம் எடுக்க வந்த கம்பெனி எங்கள் வண்டிகளில் பன்னிரண்டைக் கொண்டுபோனது. படத்தின் முடிவில் மாடுகளுக்கு நன்றி போட்டது, எங்களுக்குப் போடவில்லை. நான்காவது, அதே படத்தில் எங்கள் கொடி பிடிக்கும் தோழர் பக்கிரிசாமியைக் குண்டு போட்டுக் கொன்றது.

முதல் மூன்றையும் பொறுத்துக்கொண்டோம். நான்காவதைப் பொறுக்க முடியவில்லை. படம் முடிந்த கையோடு கொட்டகை வாசலிலேயே அவசரக் கூட்டம் போட்டோம். இரங்கல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பக்கிரிசாமியும் கையைத் தூக்கினார். சங்கத் தீர்மானம் எதற்கும் அவர் இருபத்திரண்டு வருஷத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்டதில்லை.

மறுநாள்தான் அவருக்கு உறைத்தது. தீர்மானத்தின் இரண்டாவது பகுதியில், காலியான கொடி பிடிக்கும் இடத்துக்குத் தோழர் காத்தமுத்து நியமிக்கப்பட்டிருந்தார். மே தினத்துக்கு நாலே நாள். இருபத்திரண்டு மே தினங்களாக ஊர்வலத்தின் முதல் ஆளாக நடந்தவர் பக்கிரிசாமி. கொடிக்கம்பு அழுத்தி அவர் தோளில் காய்ப்பே விழுந்திருக்கிறது.

"தலைவரே, நான் உசிரோடதான் இருக்கேன்," என்றார்.

"அது உங்க தனிப்பட்ட கருத்து தோழர். சங்கம் முடிவெடுத்தாச்சு," என்றார் தலைவர் உத்திராபதி.

"செத்தது நான். எனக்குத் தெரியாதா?"

"சம்பந்தப்பட்டவரே சாட்சி சொல்லக் கூடாது," என்றார் செயலாளர் வைத்தியலிங்கம், விதிப் புத்தகத்தைப் பார்த்து.

காத்தமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குக் கொடி மேல ஆசை கிடையாது. ஆனா சட்டைக்கு அளவு குடுத்துட்டேன்."

எங்கள் சங்கம் வதந்தியை நம்பும் சங்கம் அல்ல. சம்பவம் நடந்த இடத்துக்கே போய் விசாரிப்பது என்று முடிவாயிற்று. படம் எடுத்தது நாகப்பட்டினத்தில், உப்புக்கிடங்குத் தெருவில். மேலே சொன்ன நால்வரும் நானும் காலை பஸ் ஏறினோம். பக்கிரிசாமியை மறைந்தவர் தரப்பில் அழைத்துப் போனோம். வழியெல்லாம் எல்லாருக்கும் அவர்தான் கடலை வாங்கிக் கொடுத்தார்.

இறங்கும்போது கண்டக்டர், "நேராப் போங்க, எங்கயும் திரும்பாதீங்க," என்றார். கொஞ்ச தூரத்தில் சாலை இடதுபக்கம் திரும்பியது. நாங்கள் திரும்பவில்லை. எதிரே இருந்த ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, கடைக்காரர் வீட்டு அடுப்படி வழியாகக் கொல்லைப்புறம் வெளியேறினோம். அடுப்படியில் இருந்த அம்மாள் கரண்டியை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார்.

உப்புக்கிடங்குத் தெரு வந்தது. ஆனால் படத்தில் தரைமட்டமான தெரு இங்கே முழுசாக நின்றது. தோழர்கள் தயங்கினார்கள்.

"இது வேற தெரு," என்றார் காத்தமுத்து. "அந்தத் தெருவுல ஒரு வீடு பாக்கியில்ல. கண்ணால பாத்தோம்."

"திரும்பக் கட்டியிருப்பாங்க," என்றார் தலைவர்.

"கதவெல்லாம் பச்சையா இருக்கே. படத்துல கறுப்பும் வெள்ளையுமாத்தானே இருந்துது?"

"அது யுத்த காலம் தோழர். சாயம் எங்க கெடச்சுது? ஜெயிச்சபிறகு அடிச்சிருப்பாங்க."

நடுத்தெருவில் ஒரு பள்ளம் கிடந்தது. குண்டு விழுந்த இடம் கிடைத்துவிட்டது என்று வைத்தியலிங்கம் குனிந்து அளந்தார். அந்தப் பக்கம் போன ஒருவர், அது தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியது என்றார். "குழாய்க்குக் குண்டு போடுவாங்களா?" என்று வைத்தியலிங்கம் வருந்தி, அதையும் ஒரு அநீதியாகக் குறித்துக்கொண்டார்.

பள்ளத்துக்கு எதிரே மாடி வீடு. அதில் குடியிருக்கும் ரஹ்மத் பீவி வெளியே வந்து, "என்னா வேணும்?" என்று கேட்டார். அறுபது வயதிருக்கும். படப்பிடிப்பு மூன்று நாளும் மாடி ஜன்னலை விட்டு நகராமல் பார்த்தவர்.

"இந்தத் தோழர் இங்க விழுந்து செத்ததைப் பாத்தீங்களாம்மா?" என்றார் தலைவர்.

ரஹ்மத் பீவி பக்கிரிசாமியை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, இவரா? நல்லாப் பாத்தேனே. பதினொரு தடவ செத்தாரு."

வைத்தியலிங்கம் பென்சிலைக் கீழே விட்டார்.

"ஒரு தடவ தொப்பி கழண்டுக்கிச்சு, ஒரு தடவ ஆடு குறுக்க வந்துச்சு. சரியில்ல, சரியில்லன்னு மறுபடி மறுபடி சாகச் சொன்னாங்க."

"பதினொண்ணு," என்றார் தலைவர் மெதுவாக. "நாம ஒண்ணுக்குத்தான் இரங்கல் போட்டிருக்கோம். பத்து பாக்கி."

பக்கிரிசாமி இதுவரை இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஒவ்வொரு தடவையும் எழுந்திருச்சேன் தலைவரே. எழுந்திருக்காம எப்படி மறுபடி சாகறது? அம்மா, நீங்க சொல்லுங்க."

"ஆமாமா, எழுந்தாரு. பத்து தடவ எழுந்தத நான் பாத்தேன்."

"பதினோராவது?"

"அப்ப சாப்பாடு வந்துடுச்சு. எல்லாரும் எலை போட ஓடிட்டாங்க. நானும் உள்ள போயிட்டேன். அத நான் பாக்கலையே."

தலைவர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். விழுந்தது பதினொன்று. எழுந்தது பத்து. எத்தனை தடவை கழித்தாலும் ஒரு சாவு மிஞ்சியது.

"எழுந்து நானும்தானே சாப்பிட்டேன். சாம்பார்ல முருங்கைக்காய்கூட," என்றார் பக்கிரிசாமி.

"கூடச் சாப்பிட்டது யாரு?"

"போறப்ப பந்தி முடிஞ்சுபோச்சு. தனியாத்தான் சாப்பிட்டேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. காத்தமுத்துவுக்கே மனசு கேட்கவில்லை. அவர்தான் வழி சொன்னார்: விட்டுப்போன அந்த ஒரு எழுச்சியை அதே இடத்தில், சாட்சிகள் முன்னால் இப்போது எழுந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

"விழுந்தாத்தானே எழணும்?" என்றார் வைத்தியலிங்கம். "விழுந்தா பன்னெண்டாயிடும்."

"விழல. படுக்கறேன்," என்றார் பக்கிரிசாமி.

விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினோம். உறுப்பினர் படுப்பதற்கு எங்கேயும் தடையில்லை. பக்கிரிசாமி துண்டை விரித்து, பள்ளத்தின் ஓரமாக, விழாமல், பார்த்துப் பார்த்துப் படுத்தார்.

இரண்டு சாட்சிகள் வேண்டும். ரஹ்மத் பீவி ஒன்று. சைக்கிளில் வந்த மீன்காரரை நிறுத்தினோம்.

"அவரு ஏன் படுத்திருக்காரு?"

"இறந்துட்டாரு. இப்ப எழுந்திருப்பாரு."

மீன்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "அப்ப பாத்துட்டே போறேன்."

யார் எழுந்தார் என்பது சாட்சிகளுக்கு ஐயமறத் தெரிய வேண்டும். அதனால் முதலில் பெயரை வாசிப்பது, பெயரைக் கேட்டதும் தோழர் எழுவது என்று தலைவர் உத்தரவிட்டார். "எழுந்துட்டா மே தினக் கொடி உங்களுக்குத்தான்," என்றார். படுத்தபடியே பக்கிரிசாமி தலையாட்டினார்.

வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமினார். சங்கத்தில் அவர் பெயர் வாசிப்பது தியாகிகள் தினத்தில் மட்டும்தான். வேறு குரலில் வாசிக்க அவருக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றி, முகத்தை வானத்துக்கு உயர்த்தி, தெருக்கோடி வரை கேட்க வாசித்தார்:

"கருவேலங்குடி, கீழத்தெரு, சிங்காரவேலு மகன், தோழர் பக்கிரிசாமி."

அந்தக் குரலைக் கேட்டால் எங்கள் கை தானாக உயரும். நாங்கள் நால்வரும் முஷ்டியை உயர்த்தி "வீர வணக்கம்" என்றோம். தரையிலிருந்து ஐந்தாவது முஷ்டியும் உயர்ந்தது. ஐந்து குரலில் கீழேயிருந்து வந்த குரல்தான் பெரிதாக இருந்தது. பக்கிரிசாமி எழவில்லை. தியாகிக்கு வணக்கம் செலுத்தும்போது எங்கள் தோழர் ஒருவரும் அசையமாட்டார்.

மீன்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். ரஹ்மத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எழுந்திருங்க தோழர், கொடி போயிடும்," என்றார் காத்தமுத்து, அவர் காதருகே குனிந்து.

"இருங்க," என்றார் பக்கிரிசாமி. கண்ணை மூடியிருந்தார். முகம் அவ்வளவு நிறைவாக இருந்தது. "செயலாளரே, இன்னொரு தடவ வாசிங்க. அப்பா பேரைக் கொஞ்சம் அழுத்தி."

வைத்தியலிங்கம் சாட்சிகள் இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மறுபடி வாசித்தார்:

"கருவேலங்குடி, கீழத்தெரு, சிங்காரவேலு மகன், தோழர் பக்கிரிசாமி."