மஞ்சள் தீயும் புள்ளிமானும்

ஒரு காட்டில், விலங்குகள் எல்லாம் நக்கி நக்கியே பள்ளமாகிப் போன ஓர் உப்புப் பாறை இருந்தது. யாருக்கு நாக்கு உப்புக்கு ஏங்கினாலும் அங்கேதான் போவார்கள். அந்த வருடம் ஐப்பசியில் பதினோரு நாள் விடாமல் மழை பெய்தது. மலைச்சரிவு பெயர்ந்து வந்து பாறையை மூடிவிட்டது. மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு மண். மண்ணுக்கு மேலே கற்கள். யானைகள் மழைக்கு முன்பே மேற்கே போய்விட்டன. மற்றவர்கள் தோண்டிப் பார்த்துக் கால் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

பெரியவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். புள்ளிமானின் குட்டியால் முடியவில்லை. அது பிறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மண்ணைத் தின்றது. காய்ந்த எலும்பைக் கடித்தது. புல்லைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எழுந்து நாலு அடி வைப்பதற்குள் படுத்துக்கொண்டது.

புள்ளிமான் அதை விட்டு நகரவே இல்லை. மூச்சு வருகிறதா என்று அடிக்கடி குனிந்து பார்க்கும். குட்டி தூங்கினால், ஏன் இப்படித் தூங்குகிறது என்று எழுப்பும். எழுந்தால், தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்று கலங்கும்.

"எங்கேயாவது ஒரு துண்டு உப்புக்கல் கிடைத்தால் போதும். இன்னும் நாலு நாள் இப்படியே போனால் இது தாங்காது" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னது.

காட்டில் வெள்ளைக் கற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் போன கோடையில் ஒரு காட்டாடு, வெள்ளையாக இருக்கிறதே என்று எதையோ நக்கி, பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. அன்றிலிருந்து தெரியாத கல்லில் நாக்கை வைப்பதில்லை என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு குரங்கு இருந்தது. நகரத்துக் கல்லூரி ஒன்றின் வேப்பமரத்தில் ஒரு வருடம் குடியிருந்துவிட்டுத் திரும்பி வந்த குரங்கு. மரத்துக்கு நேர் எதிரே வேதியியல் சோதனைச்சாலையின் ஜன்னல். அதனால் குரங்குக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று குரங்கே சொல்லிக்கொண்டிருந்தது.

"உலகத்தில் இருக்கிற அத்தனை பொருளும் நூற்றுச் சொச்சம் தனிமங்களால் ஆனவை. இரும்பு ஒரு தனிமம். செம்பு ஒரு தனிமம். நாம் நக்குகிற உப்புக்குள்ளே சோடியம் என்று ஒரு தனிமம் இருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. குணத்தைப் பிடித்தால் ஆளைப் பிடித்த மாதிரி" என்றது குரங்கு.

"என்ன குணம்? முன்கோபமா, பொறாமையா?" என்று கேட்டது முள்ளம்பன்றி. யார் பேசினாலும் குறுக்கே ஒரு முள்ளைச் செருகாவிட்டால் அதற்குப் பொழுது போகாது.

"கேலி பேசாதே முள்ளி. சில தனிமம் கனக்கும், சிலது லேசாக இருக்கும். சிலது தீயில் நிறம் காட்டும். சோடியம் என்றால் மஞ்சள். கால்சியம் என்றால் செங்கல் நிறம். பேரியம் என்றால் வெளிர் பச்சை. கல்லூரியில் யாரும் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். கம்பி நுனியில் துளி எடுத்துத் தீயில் காட்டுவார்கள். நாக்கில் வைத்துத் தெரிந்துகொள்ளப் போனால், தெரிந்துகொள்ள ஆள் இருக்காது."

இதைக் கேட்டதும் புள்ளிமானுக்கு உயிர் வந்தது. "அண்ணா, அப்படியானால் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்" என்றது.

ஓடைக்கு மேலே ஒரு குகை இருந்தது. அங்கே பாறை வெடிப்பிலிருந்து ஏதோ ஒரு வாயு கசிந்து, என்றோ விழுந்த இடியில் பற்றிக்கொண்டு, அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. விரல் அளவுதான். வெளிச்சமே இல்லாத நீலத் தீ. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன கண்ணியிலிருந்து குரங்கு ஒரு கம்பியை உருவி எடுத்து வந்தது.

மறுநாள் உச்சிவேளைக்கு எல்லோரும் குகையில் கூடினார்கள். புள்ளிமான் குட்டியை முகத்தால் தள்ளித் தள்ளிக் கூட்டி வந்தது. முயல் ஓடைக்கரையிலிருந்து தகடு தகடாக மின்னும் ஒரு கல்லைக் கொண்டுவந்தது. காட்டுப்பன்றி, மனிதர்கள் தோண்டிவிட்டு விட்டுப்போன சுரங்கப் பள்ளத்திலிருந்து பெரிய வெள்ளைக் கல் ஒன்றை உருட்டி வந்தது. பார்க்கப் பாலாடை மாதிரி இருந்தது. முள்ளம்பன்றி தன் வளையின் அடியில் கிடைத்த ஒரு கட்டியைக் கொண்டுவந்தது. மண்ணும் வேருமாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தது.

"இதையும் ஒரு கல் என்று தூக்கி வந்தாயாக்கும்" என்றது பன்றி.

"உன்னைப் பார்த்தால்கூடத்தான் யாரும் குளித்தவன் என்று சொல்ல மாட்டார்கள்" என்றது முள்ளம்பன்றி.

குரங்கு தொண்டையைச் செருமியது. வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாகத் தாவி வந்ததில் அதற்கு வியர்த்திருந்தது. கம்பி பளபளப்பாக இருக்கட்டும் என்று உள்ளங்கைக்குள் வைத்து இரண்டு தரம் அழுத்தி உருவியது. பிறகு நுனியால் முயலின் கல்லைச் சுரண்டித் தீயில் நீட்டியது.

நீலத் தீ மஞ்சளாயிற்று.

"சோடியம்" என்றது குரங்கு. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

கம்பியை மறுபடி உள்ளங்கையில் உருவிக்கொண்டு பன்றியின் கல்லைச் சுரண்டியது. தீ மஞ்சளாயிற்று. "இதுவும் சோடியம்தான்."

"எனக்கு அப்போதே தெரியும்" என்று பன்றி சொன்னது.

மூன்றாவதாக முள்ளம்பன்றியின் கட்டியைச் சுரண்டியது. எல்லோரும் குரங்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புள்ளிமான் மட்டும் கம்பியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. சுரண்டி எடுத்த துகள், தீக்குப் போகிற வழியிலேயே கம்பியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குரங்கு அதைக் கவனிக்கவில்லை. வெறும் கம்பிதான் தீக்குள் போனது.

அப்போதும் தீ மஞ்சளாயிற்று.

"மூன்றும் உப்பு" என்று குரங்கு கம்பியைக் கீழே வைத்தது.

"ஒரே நாளில் மூன்றா? நமக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் வந்து பழக்கமில்லையே" என்றது முள்ளம்பன்றி.

பன்றி தன் கல்லை உடைத்து ஒரு துண்டைப் புள்ளிமானின் முன்னால் தள்ளியது. "எடுத்துக்கொள் அக்கா. முதல் துண்டு உன் குட்டிக்கு. இருப்பதில் இதுதான் வெள்ளை."

குட்டி கழுத்தை நீட்டியது. நாக்கு வெளியே வந்துவிட்டது. புள்ளிமான் தரையையும் கம்பியையும் பார்த்தது. துகள் விழுந்தது நிஜம்தானா, கண் ஏமாற்றியதா? உப்பு என்று படித்தவர் சொல்லிவிட்டார். இத்தனை நாளாக வேண்டிக்கொண்டது இதைத்தானே. இப்போது வாயைத் திறந்தால் காரியம் கெட்டுப்போகுமோ? திறக்காவிட்டால் குட்டி கெட்டுப்போகுமோ?

குட்டியின் நாக்குக்கும் கல்லுக்கும் நடுவே தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டது.

"அண்ணா, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒன்றும் எடுக்காமல், வெறும் கம்பியை ஒரு தடவை தீயில் காட்டுங்களேன்."

"வெறும் கம்பியையா? எதற்கு?"

"என்ன நிறம் வருகிறது என்று பார்க்கத்தான்."

குரங்கு சிரித்தது. "சோதனை என்றால் சோதிக்க ஒரு பொருள் வேண்டும், தாயே. ஒன்றுமில்லாததை எங்கேயாவது சோதிப்பார்களா?"

"இவளுக்கு மழை வந்தாலும் கவலை, வெயில் வந்தாலும் கவலை" என்றது பன்றி. "குட்டி சாகக் கிடக்கிறது. இவள் கம்பிக்கு வைத்தியம் பார்க்கிறாள். தள்ளு, நானே நக்கிக் காட்டுகிறேன்."

சொன்னதோடு நிற்காமல் பன்றி அந்தத் துண்டைக் கடித்து மென்று விழுங்கிவிட்டது. மென்ற பிறகுதான் அதன் முகம் ஒரு மாதிரியாயிற்று.

"என்ன, உப்பாக இருக்கிறதா?" என்று கேட்டது முயல்.

"சப்பென்றுதான் இருக்கிறது. போகப் போகக் கரிக்கும் போலிருக்கிறது."

"சுத்தமான சரக்கு அப்படித்தான் இருக்கும்" என்றது குரங்கு.

புள்ளிமான் அப்போதும் முகத்தை எடுக்கவில்லை. "வெறும் கம்பியைக் காட்டுங்கள் அண்ணா. ஒரே ஒரு தடவை."

"காட்டிவிட்டுத்தான் போயேன்" என்றது முள்ளம்பன்றி. "கம்பி தேய்ந்தா போகும்?"

குரங்கு அலுத்துக்கொண்டே கம்பியை உள்ளங்கையில் உருவி, எதையும் தொடாமல் தீயில் நீட்டியது.

தீ மஞ்சளாயிற்று.



"அப்படியானால் ஒன்றுமில்லாததும் உப்புதான்" என்று முள்ளம்பன்றி சொன்னது. "முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இந்தக் கட்டியைச் சுமந்து வந்திருக்க மாட்டேன். என் வளை நிறைய ஒன்றுமில்லாதது கிடக்கிறது."

குரங்கு கம்பியைப் பார்த்தது. பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது. மெதுவாக நாக்கை நீட்டி அதை நக்கியது. உப்புக் கரித்தது.

அதற்குள் பன்றியின் வாயிலிருந்து கயிறாக எச்சில் ஒழுகத் தொடங்கியது. முன்னங்கால்கள் மடங்கின. எல்லோருமாகத் தள்ளி அதை ஓடைக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீரைக் குடித்து, தின்றதையெல்லாம் வெளியே கொட்டி, மறுபடி குடித்து, மறுபடி கொட்டியது. கடைசியில் ஈர மணலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

குரங்கு கரையில் உட்கார்ந்து கம்பியை ஓடும் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தது.

"கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் முதலில் கம்பியைக் கழுவுவார்கள்" என்றது. "கழுவித் தீயில் காட்டுவார்கள். நிறம் வந்தால் மறுபடி கழுவுவார்கள். நிறமே வராத வரைக்கும் பொருளைத் தொட மாட்டார்கள். வேலை செய்யச் சோம்பல்பட்டு நேரத்தைக் கடத்துகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்."

"போகட்டும் அண்ணா. இப்போது கழுவுங்கள். பொழுது இருக்கிறது" என்றது புள்ளிமான்.

கை படாமல் இருக்க, கம்பியின் அடியை ஒரு மூங்கில் துண்டில் செருகினார்கள். ஓடையில் கழுவித் தீயில் வைத்தார்கள். மஞ்சள். மறுபடி கழுவி, கம்பி சிவக்கும் வரை தீயில் பிடித்தார்கள். மஞ்சள் குறைந்தது. அப்புறமும் ஓரத்தில் ஒரு கீற்று இருந்தது.

"இது போதும்" என்றது குரங்கு.

"போதாது. இன்னும் ஒரு தடவை" என்றது புள்ளிமான்.

ஏழாவது தடவைக்குக் கம்பி தீக்குள் போனபோது தீ நீலமாகவே இருந்தது.

முயலின் கல்லைக் காட்டினார்கள். தீயில் செங்கல் நிறம் வந்தது. "கால்சியம்" என்றது குரங்கு. அதன் குரல் இப்போது தாழ்ந்திருந்தது.

கம்பியைக் கழுவினார்கள். வெறுமனே காட்டினார்கள். நீலம். பன்றியின் கல்லைக் காட்டினார்கள். தீ வெளிர் பச்சையாயிற்று.

"பேரியம்" என்று சொல்லிவிட்டுக் குரங்கு ஓடைக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பன்றி இன்னும் எழுந்திருக்கவில்லை. புள்ளிமான் குட்டியைத் தன் வயிற்றோடு ஒட்டி இழுத்துக்கொண்டது.

கம்பியைக் கழுவினார்கள். வெறுமனே காட்டினார்கள். நீலம். முள்ளம்பன்றியின் அழுக்குக் கட்டியை உடைத்து, உள்ளேயிருந்து ஒரு துகளை எடுத்துக் காட்டினார்கள். தீ முழுக்க மஞ்சள் பற்றி, நின்று எரிந்தது.

"உப்பு" என்றது முயல்.

"அண்ணா சொல்லட்டும்" என்றது புள்ளிமான்.

"இரு" என்றது குரங்கு. "நிறம் ஒரு குணம்தான். இன்னொரு குணத்தையும் பார்த்துவிடுவோம்." கட்டியில் ஒரு துண்டை எடுத்துப் பாறைக்குழியில் தேங்கியிருந்த தண்ணீரில் போட்டது. அதன் பக்கத்துக் குழியில் பச்சை காட்டிய கல்லில் ஒரு துண்டைப் போட்டது. கொஞ்ச நேரத்தில் முதல் குழியில் கசடு மட்டும்தான் மிஞ்சியது. இரண்டாவது குழியில் கல் போட்டபடியே கிடந்தது.

அதன் பிறகுதான் குரங்கு ஒரு துளியை நாக்கில் வைத்துக்கொண்டது. "குட்டிக்குக் கொடு" என்றது.

புள்ளிமான் அப்போதும் உடனே கொடுக்கவில்லை. தானே முதலில் நக்கி, குகை வாசலில் வெயில் இறங்கும் வரை காத்திருந்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் முகத்தை நகர்த்தியது. குட்டி ஒரு தடவை நக்கியது. நின்றது. பிறகு கட்டியை விட்டு வாயை எடுக்கவில்லை.

"நிறைய நக்குகிறதே, வயிற்றுக்கு ஆகுமா?" என்று புள்ளிமான் முள்ளம்பன்றியைக் கேட்டது.

"இனி இந்தக் கவலையா?" என்றது முள்ளம்பன்றி. "நல்லது. பட்டுக்கொண்டிரு."

பன்றி மூன்று நாள் மணலில் கிடந்து பிழைத்துக்கொண்டது. அந்த மாதக் கடைசியில் முயல் வேறொரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்தபோது எல்லோரும் மறுபடி குகையில் கூடினார்கள். குரங்கு கல்லைப் பார்க்கக்கூட இல்லை. மூங்கில் பிடியைப் பிடித்து வெறும் கம்பியைத் தீயில் நீட்டிவிட்டு, "என்ன நிறம்?" என்று புள்ளிமானைக் கேட்டது.

புள்ளிமான் குனிந்து நன்றாகப் பார்த்தது.

"இன்னும் ஒரு தடவை கழுவுங்கள் அண்ணா" என்றது.

குரங்கு எழுந்து ஓடைக்குப் போனது.

நீதி: எதையும் சோதிக்கும் முன், சோதிக்கிற கையை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.