நாலு பக்கமும் கொக்கி

கோவையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தாள் மரகதம். சனிக்கிழமை காலைகளில் கடைக்கு மேலே உள்ள அறையில் படம் வரையச் சொல்லிக்கொடுப்பாள். அவளுக்கு முப்பத்தேழு வயது. அவளிடம் கற்க வந்தவர்களில் மூத்தவர் சென்னியப்பன். பஞ்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்து நான்கு வயது. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். ஆறு மாதமாக வருகிறார். ஒரு பூசணிக்காயை இன்னும் உருண்டையாக வரைந்தபாடில்லை.

ஒரு சனிக்கிழமை ஐந்து படங்களைச் சுருட்டி எடுத்து வந்தார்.

"பையன் சிகாகோவுல இருந்து அனுப்பிச்சிருக்கானுங்க. நூறு வருசத்துக்கு முன்னாடி அந்த ஊர்க்காரங்க புதுசா ஒரு தினுசுல வரைஞ்சதாம். அதோட பிரிண்ட்டு. புது வீட்டுச் செவுத்துல மாட்டச் சொன்னான்."

மரகதம் மேசையில் விரித்தாள். ஒன்றில் வானத்தைத் தொடும் கட்டடங்கள். ஒன்றில் வயல் நடுவே ஒரு தானியக் கிடங்கு. ஒன்றில் சிவப்பு மலை. ஒன்றில் தாள் முழுக்க ஒரே பூ. ஐந்தாவதில் இன்னதென்று சொல்ல எதுவுமே இல்லை. ஒரு கறுப்பு வளைவு, அதை ஒட்டி ஒரு மஞ்சள் திட்டு, மீதியெல்லாம் சாம்பலும் நீலமும்.

"அந்த நாலு கெடக்கட்டுங்க. இதுல எது மேல, எது கீழ?"

"ஓரத்துல வெள்ளைப் பட்டையில பேர் அச்சடிச்சிருப்பாங்களே?"

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். சாமிப் படக் காலண்டரைச் சட்டம் போடக் கொடுக்கும் முன் அடியில் இருக்கும் ஜவுளிக்கடை விளம்பரத்தைக் கத்தரித்துவிடுவது அவர் வீட்டு வழக்கம். அதே பழக்கத்தில் ஐந்து படங்களின் ஓரத்தையும் நறுக்கியிருந்தார். நறுக்கியதை அவர் மனைவி பொன்னாத்தாள் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரர் செல்லுல தேடிப் பார்த்தாருங்க. ரெண்டு இடத்துல மஞ்சள் மேல இருக்குது. ஒரு இடத்துல கீழ இருக்குது. எதை நம்பறது?"

மரகதம் அந்த ஐந்தாவது படத்தை எடுத்தாள். படத்துக்குச் சட்டம் போட்டாள். பின்பக்கம் ஒரு கொக்கி அடித்தாள். சட்டத்தைத் திருப்பி இன்னொன்று அடித்தாள். இப்படியே நாலு பக்கமும் கொக்கி அடித்து முடித்தாள்.

"டீச்சர், எது மேலன்னு கேட்டேன்."

"மாட்டிப் பாருங்ணா."

"எந்தப் பக்கம்?"

"தெனம் ஒரு பக்கம்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மில்லுக்கு எந்த மெஷின் வந்தாலும் பெட்டி மேல் அம்புக்குறி இருக்கும். அம்பைப் பார்த்து இறக்கிப் பழகிய மனுஷன். சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டார். பழைய வேட்டியில் சுற்றியிருந்த படத்தை மேசையில் வைத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மஞ்சள் மேல இருந்தா பொழுது கெளம்பற மாதிரி இருக்குது. கீழ இருந்தா தோசைங்கறா பொன்னாத்தா. இந்தப் பக்கம் வெச்சா மாடு படுத்திருக்குது. அந்தப் பக்கம் வெச்சா யாரோ முதுகைக் காட்டிட்டு உக்கார்ந்திருக்காங்க. புதன்கெழமை நான் திருப்புனேன். வியாழக்கெழமை அவ திருப்பிட்டா. வீட்டுல இதே பேச்சுத்தான். கிறுக்குப் புடிச்சிரும் போல இருக்குதுங்க."

"எந்தப் பக்கம் புடிச்சுது?"

"புடிக்குதான்னா கேட்டேன்? சரியான பக்கம் எதுன்னு கேட்டேனுங்க."

குரல் உயர்ந்தது. உயர்ந்த வேகத்திலேயே இறங்கியது.

"வர்ற வெள்ளிக்கெழமை பையன் வர்றான். நாலு வருசம் கழிச்சு வர்றான். வந்ததும் செவுத்தைத்தான் பார்ப்பான். தலைகீழாத் தொங்குச்சுன்னா, இந்த அப்பனுக்கு இன்னும் ஒண்ணும் தெரியலைன்னு நெனைச்சுக்குவான்."

"இன்னும்னா?"

சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்நூறு பேரை வேலை வாங்கியவர்தான். இப்போது மகனை நினைத்துப் பயந்தார்.

"ஒம்போது வயசுல, வீட்டுச் செவுரு பூராக் கரித்துண்டுல வரைஞ்சு வெச்சான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைச்சு வெச்சிருந்தேன். ஒரே இழுப்பா அடிச்சு உட்டுட்டேன். அதுக்கப்புறம் அவன் வரையலீங்க. எங்கிட்டப் பேச்சும் கொறைஞ்சு போச்சு. இப்பவும் போன் பண்ணுனா, சாப்டீங்களாப்பாங்கறான். அம்மாகிட்டக் குடுங்கங்கறான். அவ்வளவுதான்."

"செவுத்துல என்ன வரைஞ்சிருந்தான்?"

அவர் மேசை மேல் இருந்த படத்தைப் பார்த்தார்.

"பார்க்கலீங்க."

கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"இப்ப எதுக்கு எனக்கு இதை அனுப்பிச்சான்னும் தெரியலீங்க. கோவத்துல அனுப்பிச்சானா, ஆசையில அனுப்பிச்சானா? எப்புடித் திருப்பிப் பார்த்தாலும் புரிய மாட்டேங்குது. நீங்களே சொல்லீருங்க டீச்சர். எது மேல?"

"அவங்கிட்டயே கேளுங்ணா."

"அவங்கிட்டயா?"

"ஆமாங்ணா. எது மேல, எது கீழன்னு."

"அப்படிக் கேட்டா ஓரத்தை வெட்டுனதையும் சொல்லோணுமே."

"சொல்லுங்க."

"ஜவுளிக்கடைக் காலண்டராட்ட நறுக்கிட்டீங்களாப்பான்னு விழுந்து விழுந்து சிரிப்பானுங்க டீச்சர்."

மரகதம் படத்தைப் பழையபடி வேட்டியில் சுற்றினாள். முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க முன்னாடி அவன் சிரிச்சு எத்தனை வருசமாச்சுங்ணா?"