பின்னால் வந்தவன்

கௌசலாவின் தம்பி நிரூபனை மலைக்குக் கூட்டிப் போனவள் சங்கவி. திரும்பி வரும்போது அவள் மட்டும்தான் வந்தாள்.

பனி யாரையும் கொண்டுபோகும். அதற்காக ஒருத்தியைக் குற்றம் சொல்ல முடியாதுதான். ஆனால் எங்கே விட்டாய் என்று கேட்டால் தெரியாது என்றாளே, அது ஒரு பதிலா?

காவல்துறைக்கும் அவள் சொன்னது அதே தெரியாதுதான். தேடப் போனவர்களுக்கும் அதே தெரியாது. நான் முன்னால் போனேன், நிரூ பின்னால் வந்தான், மலைக்குடில் வந்ததும் திரும்பிப் பார்த்தேன், அவன் இல்லை. இவ்வளவுதான் அவள் வாக்குமூலம்.

பனி உருகிய பிறகும் தேடினார்கள். அவன் கிடைக்கவில்லை.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒரு இடத்தைக் காட்டச் சொல்லு பிள்ளை. ஒரு பூ வைக்க."

நோர்வேயின் வடக்கே அந்தச் சின்ன ஊரில் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்துதான். சங்கவி அங்கேயே பிறந்து, பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். கௌசலா அவளைவிடப் பத்து வயது மூத்தவள். மீன் தொழிற்சாலையில் வேலை. பனியில் நடக்கவே பயப்படுகிறவள்.

அந்த இலையுதிர் காலத்தில் கௌசலா போய்ச் சங்கவியின் கதவைத் தட்டினாள்.

"என்ர தம்பியை எங்கை விட்டனீ?"

"குடிலுக்கு வாங்கோ அக்கா. அங்கை வந்து கேளுங்கோ. சொல்லுறன்."

"இங்கை சொன்னா வாய் நோகுமோ?"

"இங்கை சொன்னா நம்பமாட்டியள்."

"அங்கை மட்டும் நம்புவனோ?"

சங்கவி உள்ளே போய் ஒரு சோடி ஸ்கீப் பலகைகளைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

குடிலுக்கான பாதை கறுப்புக் குறி போட்டது. கைதேர்ந்தவர்களைத் தவிர வேறு யாரும் வரவேண்டாம் என்று அர்த்தம். காட்டுக்குள் ஏறவேண்டும். மரங்கள் முடிந்தபின், ஒதுங்க ஒரு கல்லும் இல்லாத வெட்டவெளியைத் தாண்டவேண்டும்.

ஆகவே கௌசலா பழகினாள், அவளிடமே. இது எந்த ஊர் நியாயம்? பதில் சொல்லவேண்டியவள் பாடம் எடுக்கிறாள். கேட்கவேண்டியவள் விழுந்து விழுந்து எழும்புகிறாள்.

"ஏத்தத்திலை காலை மீன்முள்ளு மாதிரி விரியுங்கோ அக்கா. நாள் முழுக்க மீனோடைதானே நிக்கிறியள்."

"உனக்குப் பகிடி விடவும் மனம் வருதோ?"

"நிரூவும் இப்பிடித்தான் கேட்டவன்."

கௌசலா முகத்தைத் திருப்பிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

ஒரு பனிக்காலம் போனது. இன்னொன்றும் பாதி போனது. கௌசலாவின் முழங்கால் இரண்டும் கன்றிப்போய் இருந்தன. ஒரு மாலை, சுமையோடு விழுந்தவள் தானாகவே எழும்பி, ஒன்றும் நடக்காததுபோல் மேலே ஏறினாள்.

சங்கவி பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்குப் போவம்."

போனார்கள். காடு முடியும் இடத்தில் புதுப்பனி முட்டளவு கிடந்தது. பக்கவாட்டில் காற்று. முன்னால், வழி காட்ட நட்ட சிவப்புத் தடிகள் வரிசையாகப் போய் வெள்ளைக்குள் மறைந்தன.

புதுப்பனியில் ஒருவர் முன்னால் போய்த் தடம் போடுவார், மற்றவர் அந்தத் தடத்தில் வருவார். முன்னால் போவதுதான் பாடு. இதுவரை சங்கவிதான் போனாள்.

"இனி நீங்கள் முன்னால போங்கோ அக்கா."

"களைச்சுப் போனியளோ, ரீச்சர்?"

"தடியளைப் பார்த்துப் போங்கோ. தடி தவறவேண்டாம்."

கௌசலா தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, குனிந்து, தள்ளினாள். ஸ்கீ பனியை அரைத்தது. ஸ்ஸ், ஸ்ஸ். பின்னாலும் அதே சத்தம். ஸ்ஸ், ஸ்ஸ்.

திரும்பாமலே பேசத் தொடங்கினாள். இவ்வளவு நாளும் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது.

"கூட வாறவன் நிண்டா உனக்குத் தெரியாதோ? ஒருக்கா மூச்சு வாங்கியிருப்பான். ஒருக்காக் கூப்பிட்டிருப்பான்."

ஸ்ஸ், ஸ்ஸ்.

"ஒரு நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு போனாலும் பத்துத்தரம் திரும்பிப் பார்ப்பம். நீ பார்க்கேல்லை. ஏனெண்டா உனக்குக் குடில்தான் முக்கியம்."

ஸ்ஸ், ஸ்ஸ்.

"வாயைத் திற. பேச்சில்லை என்ன? குற்றமுள்ளவளுக்கு எப்பிடி வாய் வரும்."

காற்று பலத்தது. அவளும் குரலை உயர்த்தினாள். அம்மாவைப் பற்றிச் சொன்னாள். வெறும் சுவரில் மாலை போட்டு மாட்டிய தம்பியின் படத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லக்கூடாத ஒரு சொல்லையும் சொன்னாள். தடிக்குப் பின் தடி கடந்தது. பிறகு வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கூரை வந்தது.

கௌசலா நின்றாள்.

பின்னால் வந்த சத்தமும் நின்றது.

திரும்பினாள். ஒருவரும் இல்லை.

"சங்கவி."

தான் போட்ட தடம் இரண்டு ஸ்கீ நீளம் தெரிந்தது. அதற்கப்பால் காற்று எல்லாவற்றையும் தடவி மூடியிருந்தது.

கடைசித் தடிவரை ஓடினாள். அதற்கு முந்திய தடிவரை போனாள். அம்மாவைப் பற்றிச் சொன்னபோது இவள் இருந்தாளா? அந்தச் சொல்லைச் சொன்னபோது? சத்தம் கேட்டதே. முழுக்கவும் கேட்டதே. தன் ஸ்கீயின் சத்தம்தானா அது?

கூப்பிட்டாள். குரல் வாயைவிட்டுப் போகுமுன் காற்று பிடுங்கிக்கொண்டது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. ஒரு தடிக்கருகே கறுப்பாக ஏதோ அசைந்தது. சங்கவி மெல்ல வந்தாள். இமையெல்லாம் உறைபனி.

கௌசலா அவள் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினாள். திட்டத்தான் வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

"குடில் வந்திட்டுது அக்கா," என்றாள் சங்கவி. "கேளுங்கோ."

கௌசலா கண்ணைத் துடைத்தாள். அங்கே கீழே ஒரு பூவோடு காத்திருக்கிறவளுக்காகக் கேட்டாள். கேட்கும்போது குரலில் பழைய வழக்கு இல்லை.

"தம்பியை எங்கையடி விட்டனீ?"

சங்கவி திரும்பி, அவர்கள் வந்த வெளியைப் பார்த்தாள். வெள்ளை. மேலும் வெள்ளை.

"என்னை எங்கை விட்டனீங்கள், அக்கா?"